சில்லறைக்குப் பெரிய ற

ஆகஸ்ட் 2

என் அருமைச் சில்லரையே,

உன் அத்தை எழுதுகிறேன். எந்த அத்தை என்று கேட்டுவிடாதே, உன் அப்பாவோடு பிறந்த ஒரே பாவி நான்தான். ஹோட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி மேசை மேல் வைத்து எழுதுவதால் காகிதம் சூடாக இருக்கும். கையைச் சுட்டுக்கொள்ளாதே.

உன் அப்பா போன வாரம் இங்கே வந்தார். உன்னைப் பற்றி ஒரே புலம்பல். பஸ்ஸில் ஏறுவதே இல்லையாம், விடுதிக்கு நடந்தே போகிறாயாம். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழித்துத் தேய்க்கிறாயாம். உன் தலைமுடியை நீயே வெட்டிக்கொண்டாயாம், முன்பக்கம் ஒரு ஓரம் மட்டும் மாடு மேய்ந்த மாதிரி இருக்கிறதாம். "அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு. நீ கேட்டாத்தான் வாயைத் திறப்பா" என்று என்னை ஏவிவிட்டுப் போயிருக்கிறார்.

மாதம் ஒரு தடவை விடுதி வாசல் தொலைபேசியில் காசு போட்டு என்னைக் கூப்பிடுவாய். அதுவும் நின்றுபோனது. என்னடி நடக்கிறது? காதலா? காதல் என்றால் பெண்கள் செலவல்லவா செய்வார்கள்? இல்லை, எவனாவது உன்னிடம் பணம் பிடுங்குகிறானா? அவன் சட்டை அளவை மட்டும் எழுது. உள்ளே ஆளோடு சேர்த்து இஸ்திரி போட்டு அனுப்புகிறேன்.

இங்கே ஆவி அக்காவிடம் சொல்லி வயிறு வலிக்கச் சிறித்தோம். ஆவி மெஷின் ஓட்டுவதால் அவளுக்கு அந்தப் பெயர். சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்பதாலும் அந்தப் பெயர்.

பதில் போட மரக்காதே.

உன் ஓட்டைக்கை அத்தை

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அத்தை,

முதலில் பாடம், பிறகு செய்தி. சில்லறைக்குப் பெரிய ற. சிரிப்புக்குச் சின்ன ர. மறக்காதே என்பதற்குப் பெரிய ற. நீங்கள் எழுதியிருப்பது போல் எழுதினால் மரமாகிவிடாதே என்று ஆகிவிடும். நானே மரம் மாதிரிதான் இருக்கிறேன், சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அத்தை, எனக்குக் கப்பல் கிடைத்திருக்கிறது!

எங்கள் கடலியல் துறையிலிருந்து வருடத்துக்கு ஆறே ஆறு மாணவர்களை ஆராய்ச்சிக் கப்பலில் ஏற்றிக்கொள்வார்கள். மூன்று வாரம் நடுக்கடலில். ஆழத்தில் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி, எவ்வளவு உப்பு, அடியில் என்ன சேறு என்று இரவு பகலாக எடுத்துப் பார்க்க வேண்டும். ஆறு பெயரில் என் பெயர் நான்காவது. அறிவிப்புப் பலகையில் மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கப்பல் இலவசம். ஆனால் சாப்பாடு, காப்பீடு, குளிருக்கான உடுப்பு எல்லாம் சேர்த்து இருபதாயிரம் நாம் கட்ட வேண்டும். ஜனவரி 15 கடைசி நாள். கட்டாவிட்டால் இடம் ஏழாவது பெயருக்குப் போய்விடும். அப்பா கல்விக் கட்டணம் கட்டுவதற்கே நாக்குத் தள்ளுகிறது. அவரிடம் இதைச் சொன்னால் கடன் வாங்கப் போய்விடுவார். அதனால் சொல்லவில்லை. நீங்களும் மூச்சு விடக்கூடாது.

மாலையில் நகல் எடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஒரு பவுடர் டப்பாவில் துளை போட்டு, மூடியைப் பிளாஸ்திரியால் சுற்றி ஒட்டிவிட்டேன். நான் கண்டுபிடித்த வழி ஒன்று சொல்கிறேன், கேலி செய்யக்கூடாது. எதையாவது வாங்க ஆசைப்பட்டு வாங்காமல் விட்டால், அதன் விலையை உடனே டப்பாவில் போட்டுவிட வேண்டும். அதனால் டப்பாவில் இருப்பது காசு இல்லை, அத்தை. இருபத்திரண்டு டீ, ஐந்து ஐஸ்கிரீம், இரண்டு சினிமா, பாதி செருப்பு.

முடியை வெட்டியது உண்மைதான். அதுவும் டப்பாவில் இருக்கிறது.

உங்கள் சில்லறை

*

ஆகஸ்ட் 17

கப்பல்காரியே!

உன் கடிதத்தை மேசை மேல் ஏறி நின்று வாசித்தேன். துவைக்கிற பக்கம், உலர்த்துகிற பக்கம், மடிக்கிற பக்கம் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். "ஆறு பேர்ல ஒருத்தியா?" என்று ஆவி அக்கா வாயைப் பிளந்தாள். அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். மேற்பார்வையாளர் வந்து "என்ன கூட்டம்?" என்றார். "எங்க பொண்ணு கப்பல்ல போறா சார்" என்றேன். "அதுக்கு ஏன் தலையணை உறையெல்லாம் தீயுது?" என்றார். தீய்ந்தது ஒன்றுதான். மனிதர் சும்மா மிகைப்படுத்துகிறார்.

உன் டப்பா விஷயத்தைக் கேட்டதும் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நானும் சேர்க்கப் போறேன்" என்று சொன்னேன். சொன்னதுதான் தாமதம், அன்று முழுக்க அத்தனை பெண்களும் சிரித்துச் சிரித்து ஒரு விரிப்புக்கூட நேராக மடிக்கவில்லை. உனக்கே தெரியும், சம்பள நாளன்று எனக்கு ஒரு கை முளைக்கும், லாட்டரி சீட்டு வாங்க. இன்னொரு கை முளைக்கும், எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுக்க.

அதற்கு ஆவி அக்கா ஒரு வழி சொன்னாள். அவளும் நானும் ஒரே மேசை. விரிப்பு மூட்டை வந்தால் 'அரை உனக்கு, அரை எனக்கு' என்று பிரித்துக்கொண்டு இஸ்திரி போடுகிறவர்கள். என் சம்பளத்தில் ஒரு பங்கை அவள் வாங்கி வைத்துக்கொள்வாள். திரும்பக் கேட்டால் தரமாட்டாள். கேட்டதற்கே அபராதம் உண்டு. அபராதம் தனி டப்பாவில் போகும், வருடக் கடைசியில் நாங்கள் எல்லோரும் உல்லாசப் பயணம் போக.

அப்புறம் உன் பாடம். எனக்கு அந்த இரண்டு எழுத்தும் காதுக்கு ஒன்றுதான். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு அதுவே அதிகம். ஆனால் கறைக்குப் பெரிய ற என்று தெரியும், 'கறை உள்ளவை இங்கே' என்று எதிரிலேயே பலகை மாட்டியிருக்கிறது. இன்றுமுதல் ஆவி அக்கா என் கடிதத்தைத் திருத்துவாள். அவள் எட்டாவது வரை படித்தவள். இந்தக் கடிதத்தில் ஒரு பிழை காட்டு பார்க்கலாம்!

கப்பல்காரியின் அத்தை (சம்பள உயர்வு கேட்கலாமென்று இருக்கிறேன்)

*

செப்டம்பர் 28

அன்புள்ள அத்தை,

ஒரு பிழையும் இல்லை. ஆவி அக்காவுக்கு என் வணக்கம்.

டப்பா கனக்கிறது. குலுக்கினால் சத்தம் வராத அளவுக்கு நிறைந்து, இரண்டாவது டப்பா தொடங்கியாயிற்று. பாடப் புத்தகத்தை மூன்று பேராக வாங்கி மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். எனக்கு நடுப்பகுதி வந்தது. அதனால் என் பாடங்கள் எல்லாம் தொடங்காமலும் முடியாமலும் இருக்கின்றன. நகல் கடையில் வீணாகும் காகிதத்தின் பின்பக்கம்தான் என் குறிப்பேடு. இந்தக் கடிதத்தைத் திருப்பிப் பாருங்கள், யாரோ ஒருவருடைய பல் எக்ஸ்ரே இருக்கும்.

ஆனால் அத்தை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாலும் டிசம்பர் முடிவில் பத்தாயிரம்தான் வரும். விடுதி எல்லாவற்றையும் விழுங்குகிறது. சாப்பிடாத சாப்பாட்டுக்கும் பணம், எரியாத விளக்குக்கும் பணம்.

நகல் கடைக்குப் பக்கத்தில் பூட்டு ரிப்பேர் செய்கிற ஒருவர் இருக்கிறார். அவர் கடைக்கு மேலே ஓர் அறை காலியாகப் போகிறதாம். வாடகை, விடுதியில் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்குதான்! படிப்பு முடியும்வரை எவ்வளவு மிச்சமாகும் என்று நினைத்தால் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அட்வான்ஸ் பத்தாயிரம் கேட்கிறார். டிசம்பர் வரை எனக்காக வைத்திருப்பாராம்.

அறையா, கப்பலா? இரண்டில் ஒன்றுக்குத்தான் கை எட்டும். அதுவும் கப்பலுக்குப் பாதிதான் எட்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

உங்கள் சில்லறை

*

அக்டோபர் 5

சில்லறையே (பார், பெரிய ற!),

ஆவி அக்கா இன்று லீவு. டீ இடைவேளையில் அவசரமாக எழுதுகிறேன், திருத்த ஆளில்லை. ஆனாலும் நீ சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஒரு இடத்தில் அடித்துத் திருத்திக்கூட இருக்கிறேன்.

உன் கடிதம் எதற்கு அவ்வளவு நீளம்? தலையில் கைவைத்துக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்கிறாய்? அறையை நீ பார். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மணி அடித்துவிட்டார்கள்.

அத்தை

*

நவம்பர் 12

என் செல்லக் கஞ்சப்பிசினாரியே,

உன்னிடமிருந்து ஒரு வரிதான் வந்தது. "அத்தை, நீங்கள் தெய்வம்" என்று. உண்மைதான், ஆனால் அதற்குப் போய் ஒரு தபால்தலையை வீணாக்கலாமா?

இங்கே என் பாட்டைக் கேள். சம்பள நாளன்று ஆவி அக்காவிடம் பங்கைக் கொடுத்தேனா, மறுநாள் காலையிலேயே கை அரித்தது. "அக்கா, ஒரே ஒரு லாட்டரி" என்றேன். "அபராதம்" என்றாள். அழுதுகொண்டே போட்டேன். மத்தியானம், "அக்கா, கால் வலிக்குது, மருந்து வாங்கணும்" என்றேன். "எந்தக் கால்?" என்றாள். நான் காட்டிய கால் வேறு, காலையில் நொண்டிய கால் வேறு. இரட்டை அபராதம்.

ஒருநாள் மேற்பார்வையாளரே எனக்காகச் சிபாரிசு பண்ண வந்தார். அவருக்கும் அபராதம்! மனிதர் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது மடிக்கிற பெண்கள் எல்லோரும் ஆவி அக்காவிடம்தான் பணம் போடுகிறார்கள், கேட்கிறார்கள், திட்டு வாங்குகிறார்கள், அபராதம் கட்டுகிறார்கள். சலவைக்கூடமே திருவிழா மாதிரி இருக்கிறது. உல்லாசப் பயணத்தில் ராட்டினம் ஏறலாமா, படகு ஏறலாமா என்று இப்போதே சண்டை.

சொன்ன சொல் சொன்னதுதான். என் பங்கு வளர்ந்துகொண்டிருக்கிறது. நீ உன் பங்கைப் பார்.

தெய்வம் (அபராதம் கட்டியே இளைத்தது)

*

டிசம்பர் 22

அன்புள்ள அத்தை,

நான் இப்போது எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் சொல்லுங்கள்? என் அறையில்! என் சொந்த அறையில்!

நீங்கள் சொன்னபடியே அறையைப் பார்த்துவிட்டேன். டப்பாக்களை வெட்டித் திறந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். அத்தனை டீயும் ஐஸ்கிரீமும் சினிமாவும் செருப்பும் ஒரே குவியல். பூட்டுக்காரர் எண்ணி முடிக்க ஒரு மத்தியானம் பிடித்தது. சரியாகப் பத்தாயிரம். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளத்தானே உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்? மெஷின் இரைச்சலில் நீங்கள் கத்திய கத்தலில் என் காது இன்னும் ரீங்காரம் போடுகிறது. "அறைதானே அத்தை? நான் சரியாத்தான் படிச்சேனா?" என்று கேட்டேன். "அதேதான்டி! எத்தனை தடவை கேப்ப? மீதி என் பொறுப்பு!" என்றீர்கள். "அவ்வளவு உங்களால முடியுமா?" என்று கேட்கும்போது காசு தீர்ந்துவிட்டது. "ஆவி அக்கா இருக்கா..." என்பது மட்டும் கேட்டது. போதும், எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இருபதாயிரத்தை நீங்கள் எப்படிப் புரட்டினீர்கள் என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. மாதாமாதம் வாடகையில் மிச்சமாவதை உங்களுக்கே அனுப்பிவிடுவேன்.

அறையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு ஜன்னல், அதன் வழியாகத் தெருவின் வளைவு முழுவதும் தெரியும். ஒரு நீளமான மேசை, யாரோ பூட்டுகளைக் கழற்றிக் கழற்றி அதன் முகமெல்லாம் கீறல். கீழே நாள் முழுக்க அரம் ராவுகிற சத்தம். ஒரே ஒரு குறை. ஊருக்கெல்லாம் சாவி போடுகிற மனிதர், இந்த அறைக்கு இரண்டாவது சாவி போட்டுத் தர மாட்டேன் என்கிறார். "நேரம் இல்லம்மா, தொலைக்காம வச்சுக்க" என்கிறார்.

ஜனவரி 15 நெருங்குகிறது. பணம் எப்போது வரும், அத்தை?

அறைக்காரி

*

டிசம்பர் 29

என் ராசாத்தி,

அடியே, ஜெயித்துவிட்டோம்! ஆவி அக்கா இன்று எல்லோர் முன்னாலும் மூட்டையை அவிழ்த்து எண்ணினாள். பத்தாயிரம்! என் கையில், இந்த ஓட்டைக் கையில், பத்தாயிரம்! மடிக்கிற பெண்கள் தட்டுகளைத் தட்டி மேளம் அடித்தார்கள். நான் நடுவில் நின்று ஆடினேன், உலர்த்துகிற மெஷின்கூட என்னைவிட மெதுவாகத்தான் சுற்றியது. இப்போதே போய் மணியார்டர் பண்ணிவிட்டு வந்தேன். உன் பத்து, என் பத்து. போய்க் கட்டிவிட்டு ரசீதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தூங்கு. உனக்குப் பெட்டி வாங்க...

இரு. உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது.

எந்த அறை?

அடியே, எந்த அறை? நான் எப்போது உன்னை அறை பார்க்கச் சொன்னேன்? பாதியை நீ பார், மீதிப் பாதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றல்லவா சொன்னேன்? நாள் முழுக்க 'அரை உனக்கு, அரை எனக்கு' என்று விரிப்பு பிரிக்கிற வாய் வேறென்ன சொல்லும்? தொலைபேசியிலும் நான் அதைத்தானே சொன்னேன்!

ஆவி அக்கா பக்கத்தில் நின்று உன் கடிதத்தைப் படிக்கிறாள். நான் அக்டோபரில் எழுதியதை அப்படியே சொல்லிக் காட்டச் சொன்னாள். எழுதியும் காட்டினேன். பார்த்துவிட்டு அங்கேயே துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் நான் சின்ன ர தான் போட்டேன், மகளே. சத்தியமாக. அப்புறம் நீ கேலி செய்வாயே என்று பயந்து யோசித்தேன். கறைக்குப் பெரிய ற என்று பலகை சொல்கிறது. சில்லறைக்குப் பெரிய ற என்று நீ சொன்னாய். அப்போது அரைக்கு மட்டும் சின்னதாகவா இருக்கும் என்று அடித்துத் திருத்தினேன்.

அந்தப் பூட்டுக்காரரிடம் போ. ஓடு.

அத்தை

*

ஜனவரி 4

அத்தை,

ஓர் எழுத்து. ஒரே ஓர் எழுத்து!

உங்கள் கடிதம் வந்ததும் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். "அட்வான்ஸைத் திருப்பித் தர முடியுமா?" என்று கேட்டேன். "தாராளமா. அதோ நிக்குது, தூக்கிட்டுப் போ" என்றார். ஓரத்தில் புதிய சாவி வெட்டும் மெஷின் பளபளவென்று நின்றது. என் டீ, என் சினிமா, என் செருப்பு எல்லாம் சேர்ந்து இரும்பாகி நிற்கின்றன.

உங்கள்மேல் எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? இரண்டு நாள் உங்களுக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். பிறகு உங்கள் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அடித்த கோட்டுக்கு அடியில் சின்ன ர இன்னும் தெரிகிறது. சரியாக எழுதியதை நான் கொடுத்த பாடத்தை நம்பித் தப்பாக்கியிருக்கிறீர்கள். அப்புறம் யாரைக் கோபித்துக்கொள்வது? தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டு அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. விடுதியில் 'குறட்டை' என்று பெயரெடுத்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளோடு யாரும் தங்க மாட்டார்கள், மாதத்துக்கு ஓர் அறைக்கு மாற்றுவார்கள். அவளைக் கூட்டிவந்து காட்டினேன். நடுவில் சாக்குக்கட்டியால் கோடு போட்டோம். "எனக்குன்னு இடமா? நிஜமாவா? துரத்த மாட்டியே?" என்று கேட்டுக்கொண்டே அட்வான்ஸில் பாதியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அத்தை, அறையை அரையாக்கிவிட்டேன்!

ஆக, உங்கள் பத்து, அவள் ஐந்து. பதினைந்து இருக்கிறது. இன்னும் ஐந்து வேண்டும். நகல் கடை முதலாளியிடம் முன்பணம் கேட்டேன். கதவைக் காட்டவில்லை, ஆனால் கதவைப் பார்த்தார்.

உங்களிடம் இதற்கு மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்பதற்காக எழுதவில்லை. ஏழாவது பெயர் ஒரு நல்ல பையன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. 14ஆம் தேதி சாயங்காலம்வரை பார்ப்பேன். பிறகு சொல்லிவிடுவேன். கப்பல் அடுத்த வருடமும் வரும். எனக்கு வராது, ஆனால் வரும்.

குளிருடுப்பைப் போட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். கை நீளமாக இருக்கிறது. பரவாயில்லை, மடித்துக்கொள்ளலாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

சில்லறை

*

ஜனவரி 9

என் கப்பல்காரியே,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்பதைப் பார்த்திருப்பாய். எங்கள் சலவை வண்டி டிரைவர் உன் ஊர்ப் பக்கம் துணி எடுக்க வருகிறார். உறையைத் திறக்கும் முன் நாற்காலியில் உட்கார். நாற்காலி இல்லையென்றால் குறட்டை மேல் உட்கார்.

உன் கடிதத்தை இந்தத் தடவை நான் மேசை மேல் ஏறி வாசிக்கவில்லை. ஆவி அக்கா ஏறினாள்! அவள் குரல் இவ்வளவு பெரிது என்று எங்களுக்கு இன்றைக்குத்தான் தெரியும். "எனக்கு வராது, ஆனால் வரும்" என்ற இடத்தில் துவைக்கிற பக்கத்தில் மெஷினை நிறுத்திவிட்டார்கள். "உடுப்பு வேற போட்டுப் பாத்திருக்கா, பாவிப்பொண்ணு" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

நான் வாயே திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து மேற்பார்வையாளர் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

அப்போது ஆவி அக்கா போய் அபராத டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் டொம்மென்று வைத்தாள். "எவ்வளவு இருக்குதுன்னு எண்ணுங்கடி" என்றாள். எண்ணினார்கள். ஐந்தாயிரத்துக்கு மேலே நாலு காசு! அதில் முக்கால்வாசி நான் கெஞ்சிய கெஞ்சல். என்னைவிட யோக்கியமானவள் ஒருத்தி சேர்த்திருந்தால் உனக்கு இன்றைக்குக் கப்பல் இல்லை, தெரிந்துகொள். இனிமேல் என்னை ஓட்டைக்கை என்று யாராவது சொல்லட்டும்.

"அப்போ உல்லாசப் பயணம்?" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். "இல்ல, போகணும்னுதான் சொல்றேன். ராட்டினம் வேணாம். அந்தக் கப்பல் கிளம்புறதைப் பாக்கப் போவோம். சலவை வண்டி சும்மாத்தானே நிக்குது?" என்றாள். அவளைத் தூக்கித் துணித் தள்ளுவண்டியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினோம்.

பணத்தை எண்ணிக்கொண்டு இப்போதே போய்க் கட்டு. நடக்காதே. பஸ்ஸில் போ. அந்த நாலு காசு பஸ்ஸுக்குத்தான்.

இந்தக் கடிதத்தை ஆவி அக்கா மூன்று தடவை திருத்தினாள். 'அரை', 'அறை' வருகிற இடமெல்லாம் அவளே எழுதியது.

உன் அபராத அத்தை

*

பிப்ரவரி 11, கப்பலிலிருந்து

அன்புள்ள அத்தை,

நாளை ஒரு சிறு துறைமுகத்தில் நிற்போமாம். அங்கே தபால் போடலாம். திரும்பும்போதும் அங்கே நிற்போம், நமக்கு வந்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம். முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

கப்பல் நகர்ந்தபோது மேல்தளத்தில் நின்றேன். மற்ற ஐந்து பேருக்கும் அம்மா அப்பா வந்து கைக்குட்டை ஆட்டினார்கள். கொஞ்ச தூரம் போனதும் யார் கைக்குட்டை எது என்று தெரியவில்லை, எல்லாம் புள்ளிகள். அப்போது பார்த்தால் கரையின் ஓரத்தில், வரிசையாக, பத்துப் பன்னிரண்டு பேர் ஹோட்டல் கட்டில் விரிப்புகளைத் தலைக்கு மேல் பிடித்து வீசிக்கொண்டிருக்கிறார்கள்! காற்றில் உப்பி ஒவ்வொன்றும் ஒரு பாய்மரம். "யாருடா இவங்க?" என்று மாலுமிகள் ஓடிவந்தார்கள். "எங்க வீட்டுக்காரங்க" என்றேன். ஊர் மறைந்தது, கட்டடம் மறைந்தது, விரிப்புகள் மட்டும் மறையவே இல்லை. தலைமை மாலுமி தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "ஒருத்தங்க விரிப்பு மேலயே ஏறி ஆடறாங்க" என்றார். நீங்கள்தான் என்று எனக்குத் தொலைநோக்கி இல்லாமலே தெரியும்.

நேற்று முதன்முதலாக அடியிலிருந்து சேறு எடுத்தோம். வெளிச்சமே பார்க்காத சேறு. கையில் வாங்கினேன், ஐஸ் மாதிரி இருந்தது. அத்தனை டீயும் சினிமாவும் எங்கே போயின என்று யாராவது கேட்டால், உள்ளங்கையை விரித்துக் காட்டுவேன். அபராத டப்பாவுக்கு ஒரு குப்பியில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். சட்டையெல்லாம் கறை. உங்கள் பலகைக்குக் கீழே போடலாம், வந்ததும்.

பிறகு தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தேன், உங்கள் நடுவில் அப்பாவும் நின்றாரே! யார் சொன்னது? மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருந்தேனே!

உங்கள் கப்பல்காரி

*

பிப்ரவரி 20

என் மருமகளே,

நான் மூச்சு விடவில்லை. கத்தினேன். வண்டியில் இடம் இருந்தது, அண்ணனை விட்டுவிட்டு வர முடியுமா? வழி முழுக்க "என்கிட்ட ஏன் சொல்லல" என்று என்னைத் திட்டினார். கப்பல் கிளம்பியதும் விரிப்பின் ஒரு முனையை அவர்தான் பிடித்தார்.

இப்போது நான் எங்கிருந்து எழுதுகிறேன் சொல்லு? கறையோடு காலம் தள்ளியவள் கரைவரை வந்துவிட்டேனா, திரும்பிப் போக மனசு வரவில்லை. வருடக்கணக்காக எடுக்காத லீவு கிடந்தது. "எடுத்துத் தொலை, விரிப்பாவது மிஞ்சும்" என்றார் மேற்பார்வையாளர். அதனால் உன் அறையில், சாக்குக்கட்டிக் கோட்டுக்கு உன் பக்கம், உன் கட்டிலில், ஜன்னலோரம். உன் கடிதத்தைச் சலவை வண்டி டிரைவர்தான் இங்கே கொண்டுவந்து கொடுத்தார். ஊழியர் குடியிருப்பில் எட்டுப் பேரோடு படுத்துப் பழகியவளுக்கு, கதவைச் சாத்தினால் நான் மட்டும் என்பது முதல் நாள் பயமாக இருந்தது. இரண்டாம் நாள் பிடித்துப்போனது. மூன்றாம் நாள் பாடினேன். கீழேயிருந்து அரச் சத்தம் நின்றுவிட்டது.

குறட்டைப் பெண்ணும் நானும் இரவில் போட்டி போடுகிறோம். அவள்தான் தோற்றாள். இப்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறாள், பாவம்.

பூட்டுக்காரரின் சட்டையைப் பார்க்கச் சகிக்கவில்லை, நாலை வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை படியேறி வந்து மேசையில் இரண்டு புதிய சாவிகளை வைத்துவிட்டுப் போனார். உன் டீயும் சினிமாவும் வெட்டிய சாவிகள். ஒன்று குறட்டைக்கு. ஒன்று எனக்கு.

பூட்டிப் பூட்டித் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் ஆவி அக்கா இல்லை, நானே எழுதுகிறேன், ஒன்றையும் அடிக்கவில்லை.

அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். மீதியை நீ பார்.

அத்தை